பூஜ்யம் என்று எழுதிய காலை

ஜோகுபாளையத்து மாடி அறையில் நள்ளிரவுக்குப் பின்னரே அந்த ஆய்வு மாணவர் ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தொடங்குவார். அதற்கு முன் ஆட்டோக்களும் அண்டை வீட்டுக் குக்கர் விசிலும் காதணிபேசிக்குள் நுழைந்துவிடும். அல்சூர் ஏரிப்பக்கம் அடங்கிய பின்னர்தான் பழனிமலைச் சோலைகள் அவ்வறைக்குள் திறக்கும்.

அவர் தேடும் பறவை வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கிளி என்றதும் தமிழ்ச் செவி பச்சை நிறத்தை எதிர்பார்க்கும். மலையாளத்தில் கிளி என்பது எப்பறவைக்கும் பொது. உண்மையில் இது கருநீலச் சிறு பறவை. ஓடையோரப் புதரின் இருளில் தரையோடு வாழ்வது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் அதன் உறவினம் வேறு. 2017-இல் வி. வி. ராபினும் உடன் ஆய்ந்தோரும் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்து ‘சோலிகோலா’ எனப் பெயரிட்டனர். சோலைவாசி என்று பொருள். அறிவியற்பெயர் ஒன்றுக்குள் சோலை எனும் நம் சொல் குடியேறியது சிறிய மகிழ்ச்சியன்று.

1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர் மலைகளில் கணக்கெடுத்தபோது துப்பாக்கியும் உடன் சென்றது. சுடப்பட்ட பறவையே சான்று. இன்று சான்று பெரும்பாலும் செவிவழியே. வைகறையில் ஒரு புள்ளியில் பத்து நிமிடம் அசையாது நின்று, கேட்டதையும் கண்டதையும் தொலைவோடு குறிக்க வேண்டும். கேளாதது இல்லாததாகிவிடாது. ஒரே புள்ளிக்கு மீண்டும் மீண்டும் சென்றால்தான் ‘இல்லை’ என்பதையும் ‘இருந்தும் கேட்கவில்லை’ என்பதையும் பிரித்தறிய இயலும்.

சிக்கல் அங்கேதான் நேர்ந்தது. அனுமதிக்காலத்தின் கடைசி நாள். சீகைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய நான்கு சிறு சோலைத்துண்டுகள் மீதமிருந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. உடன் வந்த மலைக்கிராமத்துப் பெரியவர், “இந்தத் தூறல்ல அது வாய தொறக்காது தம்பி” என்றார். ஜீப்புக்குப் பணம் கொடுத்தாயிற்று. மாணவர் எண்ணினார், நான்கிலும் பூஜ்யம் என எழுதினார்.

பெரிய சோலைகள் யாவும் தெளிந்த காலைகளில் எண்ணப்பட்டவை. ஆகவே கணினி வரைந்த கோடு அழகாக வந்தது: சோலை சிறுத்தால் பறவை இல்லை. பாதுகாப்புக்கு வலுவான வாதம். கருத்தரங்கில் கைதட்டலும் கிடைத்தது. அக்கோடு காட்டியது சோலையின் பரப்பையா, மழையையா என்று கேட்டவர் எவருமில்லை. இத்தகைய தரவில் கேட்கவேண்டியவர் எழுதியவர் மட்டுமே.

அன்றைய பதிவை அவர் மும்முறை கேட்டார். இலைகளில் சொட்டும் நீர். மூன்றாம் புள்ளியில், ஏழாம் நிமிடத்தில், மெல்லிய சீழ்க்கை ஒன்று. பறவையோ, ஈர மரம் உரசியதோ. பெரியவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். விடியலில் மறுமொழி வந்தது: “மழ சத்தம்தான் கேக்குது தம்பி. மார்ச்சுல வாங்க.”

நான்கு வரிகளையும் அட்டவணையிலிருந்து விலக்கி, காரணத்தை நெறியாளருக்கு எழுதினார். அத்தியாயத்தின் கோடு தளர்ந்தது. வனத்துறைக்கான புதிய அனுமதி விண்ணப்பத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வருகைகள் எனக் குறித்தார்.