நாலு பேர், நாலு டாம்கேட்

ஜாவாவில் வெப் ப்ராஜெக்ட் பண்றீங்களா? அப்படின்னா டாம்கேட் உங்களுக்குப் புதுசா இருக்காது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கிய சர்வர் இது. 1999-ல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் வந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்கள் வசதிக்கு பேக் பண்ணித் தரலாம். தலைவலியும் அங்கேதான் ஆரம்பிக்குது.

எங்கள் ஃபைனல் இயர் டீமில் நாலு பேர். கோட் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு டாம்கேட். அதனால் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நீங்களும் இதே குழப்பத்தில் இருந்தால், இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல விண்டோஸ் இன்ஸ்டாலர். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தட்டினால் போதும். மேனேஜர் பக்கத்துக்கான யூசர்நேம், பாஸ்வேர்டைக்கூட அதுவே கேட்டு வாங்கிக்கும். ஆனால் டாம்கேட் ஒரு சர்வீஸாக, திரைக்குப் பின்னால் ஓடும். நீங்க கோடில் போட்ட ப்ரிண்ட் எதுவும் கண் முன்னால் வராது. லாக்ஸ் ஃபோல்டரில் 'ஸ்டிடிஅவுட்' என்று பெயர் வரும் ஃபைலைத் தேடணும். டீபக் பண்ணும்போது இது எரிச்சல்.

அடுத்தது உபுண்டு. ஒரே ஒரு ஆப்ட் கமாண்ட். தனி யூசர், சிஸ்டம் ஆன் ஆனதும் தானாகத் தொடக்கம், எல்லாம் தயார். ஆனால் கான்ஃபிக் '/எட்சி'க்குள் ஒரு இடம், லாக் ஒரு இடம், வெப்ஆப்ஸ் வேறொரு இடம் என்று பிரிந்து கிடக்கும். எங்கள் ஆப்பில் போட்டோ அப்லோடு உண்டு. மற்ற மெஷினில் ஓடியது, உபுண்டுவில் மட்டும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றது. பெர்மிஷனை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. சில ஃபோல்டர்களைத் தவிர வேறெங்கும் எழுத முடியாதபடி அந்த பேக்கேஜின் சிஸ்டம்-டி செட்டிங்கே பூட்டி வைத்திருக்கிறது. நெட்டில் நிற்கும் சர்வருக்கு இது நல்ல பாதுகாப்பு. நாளைக்கு ரிவ்யூ என்றிருக்கும் மாணவனுக்குத் தூக்கம் போகும்.

மூணாவது, டாக்கர். டாம்கேட் வெர்ஷன், ஜாவா வெர்ஷன் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். எல்லார் மெஷினிலும் அச்சு அசலாக அதேதான் ஓடும். முதல் தடவை 8080-ஐத் திறந்ததும் 404 வந்தால் பதறாதீங்க. பாதுகாப்புக்காக, வழக்கமான பூனைப் பக்கத்தை 'வெப்ஆப்ஸ்.டிஸ்ட்' என்ற ஃபோல்டருக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் வார் ஃபைலைப் போட்டால் வேலை செய்யும்.

டீம் முழுக்க டாக்கருக்கு மாறிடலாம் என்றுதான் பேசினோம். நாலாவது ஆள் இடித்தாள். அவளிடம் லேப்டாப் இல்லை, காலேஜ் லேப் சிஸ்டம்தான். அட்மின் பாஸ்வேர்டு கிடையாது. டாக்கரும் போட முடியாது, இன்ஸ்டாலரும் ஓடாது. "நான் ரிப்போர்ட் டைப் பண்றேன், கோடை நீங்க பாத்துக்கோங்க" என்றாள். பல டீம்களில் ஒருத்தர் இப்படித்தான் டாக்குமெண்டேஷனுக்குத் தள்ளப்படுகிறார். வைவாவில் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அவளுக்குக் கைகொடுத்தது சாதாரண ஜிப். பென்டிரைவில் டாம்கேட் ஜிப், ஜேடிகே ஜிப் இரண்டையும் விரித்தோம். பின் ஃபோல்டரில் 'செட்என்வி.பேட்' என்ற ஃபைலை உருவாக்கி, ஜாவா எங்கே இருக்கு என்று ஒரு வரி எழுதினோம். அவ்வளவுதான். இன்ஸ்டால் இல்லை, அட்மின் இல்லை. கான்ஃபிக், லாக், ஆப் எல்லாம் ஒரே ஃபோல்டரில். 'கேட்டலினா ரன்' என்று கொடுத்தால் எரர் கண் முன்னாலேயே கொட்டும். ரெண்டு வாரத்தில் லாகின் மாட்யூல் முழுக்க அவள் கையில் இருந்தது.

எந்தப் பேக் எடுத்தாலும் வெர்ஷன் நம்பரைப் பாருங்க. டாம்கேட் 9 வரை 'ஜாவாஎக்ஸ்', 10-லிருந்து 'ஜகார்த்தா'. 9-க்கு எழுதிய செர்வ்லெட்டை 10-ல் போட்டால் ஹெச்டிஎம்எல் திறக்கும், செர்வ்லெட் 404 காட்டும். உபுண்டு 22.04 தருவது 9, 24.04 தருவது 10. பழைய வார் ஃபைலை 10-ல் ஓட்டணும்னா 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற ஃபோல்டரில் போடுங்க, அதுவே மாற்றிக்கொள்ளும்.

ஸ்ப்ரிங் பூட் பயன்படுத்துறவங்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. டாம்கேட் உங்கள் ஜாருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூட் 2 என்றால் ஜாவாஎக்ஸ், பூட் 3 என்றால் ஜகார்த்தா என்பதை மட்டும் மறக்காதீங்க.

என் ஓட்டு: வாடகை சர்வரில் ஏற்ற உபுண்டு பேக்கேஜ் அல்லது டாக்கர். ப்ராஜெக்ட் நடக்கும் மாதங்களில் எல்லாருக்கும் ஒரே நம்பர் ஜிப். முதல் மீட்டிங்கிலேயே அந்த நம்பரை ரீட்மீயில் எழுதிடுங்க. அதுக்கு முன்னால், டீமில் யாரிடம் அட்மின் பாஸ்வேர்டு இல்லை என்று ஒரு தடவை கேளுங்க.