பாண்டியில் வாடகை வீடு: இந்த வருட நிலவரம்

தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம்தான் கடல், மீதிப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. ஆனால் வீடு தேடிக் கிளம்பினால் பாண்டியும் தீவுதான் நண்பர்களே. அதுவும் ஒரே தீவு இல்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு மறுபடி நாம், வளவனூர் மறுபடி தமிழ்நாடு! பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கிராமங்களின் எல்லை, 1954-ல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் அப்படியே நிற்கிறது. மாவட்டம் மொத்தமே சுமார் 290 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பிலேயே ஒன்பதரை லட்சம் பேர்.

எங்கள் வீட்டில் வருடா வருடம் இந்தப் பேச்சு வரும். 11 மாத ஒப்பந்தம்தான் காரணம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆவணியும் தையும் எங்களுக்கு சீசன்.

இந்த வருடம் வெறும் பேச்சோடு முடியவில்லை. நாங்கள் இருப்பது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், முற்றம் வைத்த பழைய வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரர் அதை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கப் போகிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. சுண்ணாம்புச் சுவரும் மெட்ராஸ் டெரஸும் உள்ள வீட்டை ஒழுகாமல் காப்பாற்ற ஆகும் செலவு எங்கள் வாடகையில் வராது. 2014-ல் கடற்கரையில் இருந்த மேரி கட்டடமே மழையில் இடிந்து விழுந்தது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்த கதி! (பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள்.) வைசியாள் வீதி வீடுகளின் முகப்பைச் சீர்படுத்தியதற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே வந்தது. முகப்பு பிழைத்தது, சந்தோஷம். ஆனால் உள்ளே வாடகைக்குக் குடியிருப்பவன் பிழைக்க எந்த விருதும் இல்லை :-)

சில வீடுகள் இடியவும் இல்லை, விற்கவும் இல்லை. பங்காளிகளில் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். எல்லோர் கையெழுத்தும் சேர்கிற வரை பூட்டுதான், வேப்பங்கன்றுதான்.

சொந்தமாக மனை வாங்கலாமே என்கிறீர்களா? அப்பா ஆசைக்கு விசாரித்தார். இங்கே ஒரு குழி என்றால் 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. வேறு ஊரில் 144 சதுர அடிக் குழியை நினைத்துக்கொண்டு வருபவர்கள் முதலில் குழம்புவார்கள், அப்புறம் விலையைக் கேட்டுத் தெளிவார்கள். பத்திரத்திலோ ஹெக்டேர், ஆர், சென்டியார். அரசு வைத்திருக்கும் ஜி.எல்.ஆர். மதிப்பு ஒன்று, தரகர் சொல்லும் விலை இன்னொன்று. அப்பா அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். "கொஞ்ச தூரம்தானே, அங்கே போயிடலாமே" என்றார் அம்மா. அப்பாவின் பதில்: "அந்தக் கொஞ்ச தூரத்துல ரேஷன் கார்டு மாறும், சின்னவளோட சீட்டும் மாறும்." தங்கை இப்போது பிளஸ் டூ. சென்டாக்கில் உள்ளூர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, தொடர்ந்து இங்கேயே குடியிருந்ததற்கான சான்று வேண்டும். இங்கே விலாசம் என்பது பாதி சொத்து. வெளியூர் நண்பர்களுக்கு இதை எத்தனை தடவை விளக்கினாலும் சிரிக்கிறார்கள்.

ஆகவே எங்கள் தேடல் எல்லைக்குள்ளேயே மேற்கே நகர்கிறது. ரெட்டியார்பாளையம் கைக்கு எட்டவில்லை. வில்லியனூரில் இரண்டு வீடு பார்த்தோம்; ஒன்றில் தண்ணீர் உப்பு, இன்னொன்றில் மாடிப்படி பாட்டிக்கு ஆகாது. வரும் ஞாயிறு முத்திரையர்பாளையத்தில் ஒன்று காட்டுகிறேன் என்று தரகர் சொல்லியிருக்கிறார். கமிஷன் ஒரு மாத வாடகை. தரைத்தளமா என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.