பழைய ஃபோர்டு: எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய மஸ்டாங் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். நான் ஒரு வாளித் தண்ணீர் கேட்பேன்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், நீளநீளமாகத் துளை வைத்த தகடு ஒன்று இருக்கும். வண்டிக்குள் காற்று வரும் வழி அது. மழைத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். தகட்டுக்கு அடியில் பெட்டி மாதிரி ஓர் அறை. காற்று போகும் துளையைச் சுற்றி ஒரு சின்ன விளிம்பு எழும்பி நிற்கும். தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டாமல் இரண்டு ஓரமும் வடிந்து வெளியே போய்விட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அறைக்குள் கை போகாது. உதிர்ந்த இலை உள்ளே விழுந்து மக்குகிறது, ஈரம் காயாமல் நிற்கிறது, சில ஆண்டுகளில் விளிம்பே கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெய்கிற ஒவ்வொரு மழையும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் தங்கி, தரைத்தகட்டைத் தின்கிறது.

ஒருவர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். இன்னொருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் போதும், அந்த வண்டியின் பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் விலையைப் பற்றி மறுபடி பேச வேண்டியதுதான். இதைச் சரிசெய்ய முன்கண்ணாடி, பானெட், இரண்டு மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்து, புதுத் தகடு வைத்து மறுபடி வெல்டு அடிக்க வேண்டும். மேலாக சீலன்ட் தடவி விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அது அடுத்தவர் தலையில் வேலையைக் கட்டுவது.

*

தொழிற்சாலையில் அடித்த வண்டி எண் ஒரு ஜாதகம். 1965 மஸ்டாங்கில் முதல் இலக்கமான '5' ஆண்டைக் குறிக்கும். அடுத்த எழுத்து தொழிற்சாலை: 'எஃப்' என்றால் டியர்பார்ன், 'ஆர்' என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. '07' ஹார்ட்டாப், '08' கன்வெர்ட்டிபிள், '09' ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்து எஞ்சின். 'கே' என்று இருந்தால் 271 குதிரைத்திறன் உள்ள 289 கன அங்குல வி8. அந்த ஒரு எழுத்துக்காக விலை பல மடங்கு ஏறும் என்பதால் அதைப் போலியாக அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1967 முதல் வந்த வண்டிகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் கெவின் மார்ட்டி என்பவரிடம் உரிமத்தோடு இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் வண்டி எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு, என்னென்ன கூடுதல் வசதிகளோடு வெளியே வந்தது என்று அறிக்கை வரும்.

அந்தப் பதிவு ஒரு வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுபள்ளங்களில் பறந்தாரே, அந்தப் படத்துக்கு அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு பச்சை மஸ்டாங்குகளைப் பயன்படுத்தினார்கள். தாவிக் குதிக்கும் காட்சிகளில் அடிவாங்கிய வண்டி போன இடம் தெரியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் வெள்ளை அடித்துக் கிடந்த ஒரு மஸ்டாங் கூட்டை வாங்கினார்கள். 2000இல் வந்த 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தின் 'எலனோர்' வண்டி மாதிரி அதை மாற்றுவதுதான் திட்டம். வேலையும் தொடங்கிவிட்டது. அப்போதுதான் யாரோ எண்ணைப் பார்த்தார்கள். 2017இல் மார்ட்டி நேரில் போய் உறுதிசெய்தார். குதிக்கும்போது உடையாமலிருக்க முன்பக்கம் கூடுதலாக வைத்த இரும்பு வலுவூட்டல் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வேலை நடந்திருந்தால் அதையும் அறுத்து எறிந்திருப்பார்கள்.

மெக்குவீன் ஓட்டிய இன்னொரு வண்டியை 1974இல் ஒருவர் வாங்கி, குடும்ப வண்டியாகவே ஓட்டினார். மெக்குவீனே 1977இல் கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. பெயிண்ட் மங்கி, இருக்கை கிழிந்து, கேமரா பொருத்திய தடங்களோடு அப்படியே வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் கட்டணங்கள் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. யாராவது அக்கறையோடு பட்டி பார்த்து, புதுப் பச்சை அடித்திருந்தால் அந்தத் தடங்களெல்லாம் போயிருக்கும்.

*

பட்டறையில் முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் உரிமையாளரும் மெக்கானிக்கும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டியை அதன் வாழ்க்கையில் எந்த நாளுக்குத் திருப்பப் போகிறோம்? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளுக்கா, யாரோ ஒருவர் அதை அறுத்து மாற்றிய நாளுக்கா, ஷெட்டில் கண்டெடுத்த நாளுக்கா? இது முடிவாகாமல் தொடங்கிய வேலைகள்தான் பாதியில் நின்று, பாகங்கள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகின்றன.

*

1932. பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினை சாமானியன் வாங்கும் வண்டியில் வைத்தார். 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர். 65 குதிரைத்திறன். ரோட்ஸ்டரின் விலை 460 டாலர். இரண்டு வரிசை சிலிண்டரையும் கிராங்க்கேஸையும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்ததுதான் விலை குறைந்த ரகசியம். வால்வுகள் பிளாக்கிலேயே இருந்ததால் ஹெட் வெறும் தட்டை மூடி. 'ஃப்ளாட்ஹெட்' என்ற பெயர் அதனால்தான்.

சில ஆண்டுகள் கழித்து அந்த வண்டிகள் பழைய விலைக்கு வந்தபோது தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினால் எடை குறையும். ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97. முரோக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப்படுகைகளில் நேர்கோட்டில் விரட்டிப் பார்ப்பார்கள். 1937இல் இவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து சங்கம் அமைத்தன. போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் அங்கே கற்ற வெல்டிங்கையும் லேத் வேலையையும் இதில் இறக்கினார்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை, 1949இல் யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் முதல் வேக வாரம். கடையில் வாங்க முடியாத வேகத்தைக் கையால் செய்துகொண்ட தலைமுறை அது. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இந்த எஞ்சின் சூடாகும். காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. எரிந்த புகை வால்விலிருந்து நேராக வெளியே போகாமல் பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் அறை வழியாகச் சுற்றிப் போய் வெளியேறும். ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகைவாய் மூன்று; நடு இரண்டும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தச் சூடெல்லாம் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். போதாததற்கு, 1936 வரை வாட்டர் பம்புகள் ஹெட்டின் மேல் உட்கார்ந்து சுடுதண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. 1937இல்தான் பிளாக்குக்கு இறங்கின.

பழைய பிளாக்கைக் காரத் தொட்டியில் ஊறவைத்து எடுத்த பிறகு பார்க்க வேண்டும். தண்ணீர் அறைத் துளையில் கம்பியை விட்டுக் குடைந்தால் துரு மட்டும் வராது. வார்ப்படச் சாலையில் அச்சுக்கு வைத்த மணலும் வரும். கறுத்து இறுகிய மணல், அதற்கு நடுவே அச்சைத் தாங்கிய கம்பித் துண்டுகள். இத்தனை ஆண்டும் அதைச் சுமந்துகொண்டே எஞ்சின் ஓடியிருக்கிறது. கடைசித் துணுக்கு வரும் வரை குடைய வேண்டும், சோம்பக் கூடாது. பிறகு காந்தம் வைத்து இரும்புத்தூள் தூவினால் வெடிப்பு இருக்கும் இடத்தில் தூள் கோடாக ஒட்டும். வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டரை நோக்கி ஓடும் கோடுதான் பயம். தையல் போட்டுக் காப்பாற்றக்கூடிய வெடிப்பும் உண்டு, கைகழுவ வேண்டிய வெடிப்பும் உண்டு. இந்தச் சோதனைக்கு முன்னால் குரோம் பூசின ஹெட்டுக்குப் பணம் கட்டுவது வீண்.

*

ஹென்றி ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்கை நம்பவில்லை. 1938 வரை கம்பியும் நெம்புகோலும்தான். 1939இல் விட்டுக்கொடுத்தார். அந்த 1939 பிரேக் சிறு மாற்றங்களோடு 1932 வண்டியில் ஏறும். வேகத்துக்காக மாற்றிய அந்த ஹாட் ராட் வண்டிகளை ஓட்டியவர்கள் பலரும் அதைத்தான் போட்டார்கள். இன்றைக்குக் கம்பி பிரேக்கோடு நெடுஞ்சாலையில் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒரிஜினல்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மாடல் டியில் இதைவிட மோசமான ஒன்று மறைந்திருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் வந்த வண்டி. கால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் இருக்கும் உருளையைத்தான் பிடிக்கும். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் எது விட்டுப்போனாலும் கால் பிரேக் இல்லை. பின் ஆக்சிலில் தள்ளுவிசையைத் தாங்கும் வாஷர்கள் பாபிட் என்ற மெத்தென்ற உலோகத்தில் செய்தவை. வயதாகி அவை நொறுங்கினால் பல்சக்கரம் விலகும். இறக்கத்தில் போகும்போது வண்டி கட்டில்லாமல் ஓடும். வெண்கல வாஷர் போட்டால் தீர்ந்தது. வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. புதிதாக மாடல் டி வாங்குகிறவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் பின் ஆக்சிலைப் பிரித்துவிட வேண்டும்.

*

1949–51 மெர்க்குரியை (ஃபோர்டின் இன்னொரு பிராண்டு) கூரை தாழ்த்தி மாற்றியவர்களில் பேரிஸ் சகோதரர்கள் பெரிய ஆட்கள். 1952இல் பாப் ஹிரோஹாட்டாவுக்குச் செய்த வண்டியை இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். கூரையை அறுத்து, தூண்களைச் சில அங்குலம் குறைத்து, மறுபடி ஒட்டும்போது ஒன்றும் நேருக்கு நேர் உட்காராது. அந்த இடைவெளிகளுக்கு வெல்டு அடித்து, மேலே ஈயம் ஏற்றுவார்கள்.

ஈயம் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தகட்டைப் பளிச்சென்று சுரண்டி, அமிலம் தடவி, முதலில் மெல்லிய பூச்சு. நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவித் துணியால் துடைப்பாரே, கிட்டத்தட்ட அதே கை. பிறகு மூன்று பங்கு வெள்ளீயமும் ஏழு பங்கு காரீயமும் கலந்த கட்டி. இந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 250ஐ ஒட்டிய சூட்டில்தான் முழுதாக ஓடும். நடுவில் வெண்ணெய்ப் பதம். தீயைக் காட்டிக்கொண்டே, தேன்மெழுகு தேய்த்த மரக்கரண்டியால் அந்தப் பதத்திலேயே தள்ளித் தள்ளி வளைவைக் கொண்டுவர வேண்டும். தீ ஒரு நொடி கூடினால் வழிந்து தரையில் விழும். குறைந்தால் பொடிந்து நிற்கும். முடிந்ததும் அமிலத்தைச் சுத்தமாக முறித்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மாதம் கழித்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். அரம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும், அது விஷம்.

நல்ல பாலியஸ்டர் பட்டியைத் துருப்பிடிக்காத தகட்டின் மேல் மெல்லிசாகப் போட்டால் அதுவும் நிற்கும். ஆனால் 1952 வண்டிக்கு, 1952 வழியில்தான் செய்ய வேண்டும்.

*

பந்தயத்துக்காகவும் சாலைக்காகவும் டோன் ஸ்பென்சர் என்பவர் தன் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை ஆண்டுக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தார். மெக்ஸிகோவின் நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கென்று தரையில் இடிக்காதபடி உயர்த்தினார். 1954க்குப் பிறகு அந்தப் பந்தயமே நின்றுவிட்டது. 1990களில் அந்த வண்டியைப் புதுப்பித்தபோது ஸ்பென்சரின் மாற்றங்களைத்தான் மீட்டார்கள். 1997இல் பெபிள் பீச் கண்காட்சி முதன்முதலாக ஹாட் ராடுக்கு ஒரு பிரிவு ஒதுக்கியது. அதில் முதல் பரிசு இதற்கு. அதை மறுபடி 1932 தொழிற்சாலை வண்டியாக ஆக்கியிருந்தால் இன்னொரு சாதாரண ரோட்ஸ்டர் கிடைத்திருக்கும், ஸ்பென்சர் தொலைந்திருப்பார்.

*

மஸ்டாங் போட்டிகளில் சிலர் தொழிற்சாலை ஆய்வாளர் கிரேயானால் போட்ட கிறுக்கலையும், அடிப்பகுதியில் தெறித்த பெயிண்டையும்கூட மறுபடி வரைகிறார்கள். கேட்கும்போது விசித்திரமாக இருந்தது. யோசித்தால், முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் கையை நினைவில் வைப்பது அது ஒன்றுதான்.

*

செலவில்லாத மாற்றம் எது என்று கேட்பவர்களுக்கு: மஸ்டாங்கின் முன் சஸ்பென்ஷனின் மேல் கையை ஓர் அங்குலம் கீழே இறக்குவது. பக்கத்துக்கு இரண்டு புதுத் துளை, அவ்வளவே. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்டது. கேரல் ஷெல்பி தன் 1965 ஜி.டி.350 மஸ்டாங்கில் அதைப் பயன்படுத்தினார். திருப்பத்தில் வெளிப்பக்க டயர் சாயாமல் சாலையைப் பிடிக்கும். பழைய துளைகள் அப்படியே இருப்பதால் வேண்டுமானால் திரும்பிவிடலாம். 1966 வரை வந்த மஸ்டாங்கில் பிரேக்கின் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவப் பாதை. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். மேல் கையைத் தொடுவதற்கு முன்பே இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டிருக்க வேண்டும்.

*

2021இல் ஃபோர்டே பழைய வண்டிகளுக்கென்று 281 குதிரைத்திறன் மின்மோட்டார் ஒன்றை 3,900 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் தனி. 1978 பிக்கப்பில் பொருத்திக் காட்டினார்கள். பழமை விரும்பிகள் கொதித்தார்கள். எஞ்சின் இல்லாமல் கிடக்கும் கூட்டில் போட்டால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிறந்த எஞ்சினோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வேண்டாம். செய்தே தீருவேன் என்கிறவர், இருக்கிற போல்ட் துளைகளிலேயே பொருத்தட்டும், சேசிஸை அறுக்க வேண்டாம். கழற்றிய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி, பிளக்கை முடுக்கி, ஸ்டாண்டில் ஏற்றி மூடி வைக்கட்டும். வண்டியை விற்கும்போது அந்த எஞ்சினும் கூடவே போக வேண்டும். பத்திரத்தோடு ஒரு நோட்டும்: எந்தத் தேதியில் எதைக் கழற்றினோம், அது எந்தப் பெட்டியில் இருக்கிறது.