கொழும்பும் குழம்பும்

தனியே பயணஞ் செய்பவனுக்கு முதலிற் புலப்படுவது ஊரன்று, தன் தனிமையே. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் நான் வந்திறங்கிய அந்திப்பொழுது இதனை எனக்கு உணர்த்திற்று. பாரிஸ் நகரில் வாழும் தமையனாரிடம் விடுமுறைக்குச் சென்றிருந்தேன். அவருடைய உதவியாலேயே இப்பயணம் வாய்த்தது. 1946 ஆம் ஆண்டு முதல் அத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக உள்ளது. எனினும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு அங்கு செல்லத் தனி விசா வேண்டியிருந்தது. தமிழர் வழிவந்தோர் பலர் அங்கே வாழ்கின்றனர் என்று விரிவுரை ஒன்றிற் கேட்டிருந்தேன். ஆதலால், ஒரு வகையில், உறவினர் வீட்டுக்குச் செல்பவனின் உரிமையோடேயே புறப்பட்டேன் எனலாம்.

புவாந்த்-ஆ-பித்ர் நகரில் தங்கிய முதலிரவு உறக்கம் வரவில்லை. வெளியே இடையறாத கீச்சொலி. பறவைகள் போலும் என எண்ணினேன். விரல் நுனியளவேயான தவளைகள் என்று காலையில் வீட்டுக்காரப் பெண்மணி சொல்லிச் சிரித்தார். தெருவில் இறங்கியதும் வியப்புக் காத்திருந்தது. மாமரம், புளி, ஈரப்பலா, முருங்கை என எல்லாம் நம்மூர் மரங்கள். ஆனால் அம்மரங்களின் கீழ் நின்றோர் பேசிய கிரியோல் மொழியில் ஒரு சொல்லேனும் எனக்கு விளங்கவில்லை. ஈராண்டு பயின்ற பிரெஞ்சு மொழி அங்கே பாதி வழியிற் கைவிட்டது. கண்ணுக்குச் சொந்த ஊர், காதுக்கோ அந்நியம். இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டவனாய்ச் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மறுநாள் கப்பெஸ்தேர் செல்லும் பஸ்ஸில் ஏறினேன். ஒருபுறம் கடல், மறுபுறம் வாழைத்தோட்டங்கள், அவற்றுக்கப்பால் 1467 மீற்றர் உயரமான சூப்ரியேர் எரிமலை முகிலுக்குள் மறைந்து நின்றது. 1848 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1854 டிசெம்பரில் 'ஓரேலி' என்னும் கப்பல் முதற் கூட்டத்தினரைக் கொணர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினர். அவர்களுட் பலர் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர். அவர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் ஒன்று கப்பெஸ்தேரில் நெடுஞ்சாலையோரமாகவே நிற்கின்றது. வண்ணச் சுதைச் சிற்பங்களைக் கண்டதும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். 'மாலியேமேன்' என்பது அவர்கள் நாவில் அம்மனின் பெயர்.

கோயில் பூட்டியிருந்தது. பசியுடன் நடந்தபோது சிறு சாப்பாட்டுக் கடையொன்றின் பலகை கண்ணிற் பட்டது. 'கொலொம்போ' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. எங்கள் தலைநகரின் பெயர் இங்கேன் வந்தது என்று திகைத்து உள்ளே நுழைந்தேன். வந்தது ஆட்டிறைச்சிக் கறி! மல்லியும் சீரகமும் மஞ்சளும் மணந்தன, உறைப்புத்தான் போதாது. நகரின் பெயரே கறிக்கு ஆயிற்று என்பர் சிலர். குழம்பு என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர் வேறு சிலர். எது மெய்யாயினும், முதற் கவளம் வாயில் வைத்தபோது என் கண் கலங்கியது மெய்.

அடுத்த மேசையிலிருந்த முதியவர் என் நிலையைக் கவனித்திருக்க வேண்டும். கோயிற் சடங்குகளிற் பாடுபவர் அவர். தம் பையிலிருந்து பழைய கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். பிரெஞ்சு எழுத்துக்களிற் பாட்டுக்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன், அத்தனையும் தமிழ். தாமும் தந்தையாரும் அவற்றை மனனஞ் செய்து பாடியபோதும் பொருள் அறியார் என்றார். தெரிந்த சொற்களுக்கு நான் பொருள் சொல்லச் சொல்ல, அவர் குழந்தைபோல் தலையசைத்தார். வேப்பிலையை மட்டும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "வெப்பெலே" என்று அவரே சொன்னார்.

"அப்படியாயின் நீங்கள் தமிழர்தாமே?" என்று ஆவலோடு கேட்டேன். "நான் குவாதலூப்காரன். என் பாட்டனாருடைய பாட்டனார் உங்கள் பக்கத்தவர்" என்றார். அதிற் கோபமில்லை; தெளிவிருந்தது. அவ்வூரிற் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 இல் தொடுத்த வழக்கினை 1923 வரை நடத்தி, இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றுத்தந்த வரலாற்றைப் பெருமிதத்தோடு சொன்னார். பின்னர் வினவினார்: "உங்கள் தீவுக்கும் இவ்வாறு ஆட்களைக் கொண்டு சென்றனரா?"

"ஆம். முதலிற் கோப்பிக்கு, பின்னர் தேயிலைக்கு" என்றேன்.

"அவர்கள் இப்போது எவ்வாறிருக்கிறார்கள்?"

நான் விழித்தேன். 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்ததையும், எஞ்சியோருக்கு அது 2003 இலேயே கிடைத்ததையும் பரீட்சைக்குப் படித்தவாறு ஒப்புவித்தேன். அவர் கேட்டது அதுவன்று என்பதை அவர் முகம் காட்டிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த நான், மலைநாட்டின் நடுவேயுள்ள விடுதியில் ஈராண்டைக் கழித்தவன். என் அறைத்தோழன் அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் பிள்ளை. தன் வீட்டுக்கு வருமாறு இரண்டு முறை அழைத்தான். இரண்டு முறையும் பரீட்சையைக் காரணங் காட்டினேன். அவன் தாயார் எத்தனை மணிக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார் என்பதுகூட நான் அறியேன். உறவைத் தேடிப் பெருங்கடலைக் கடந்த எனக்கு, இரண்டு மணி நேரப் பஸ் பயணம் தூரமாகத் தோன்றியிருக்கிறது.

தீவில் எஞ்சிய நான்கு நாட்களிலும் கடற்கரைகளைக் கண்டேன், அருவிகளைக் கண்டேன். அவற்றின் அழகை மறுக்கவில்லை. ஆனால் முதியவரின் கேள்வியே என் வழித்துணையாயிற்று.

நாடு திரும்பிய மாதமே தோழனுடன் அவன் வீட்டுக்குச் சென்றேன். அடுப்படிப் பலகையில் இருத்தி அவன் தாயார் சோறிட்டார். குழம்பை ஊற்றியவர், "காரம் கூடிருச்சா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். எத்தனை மணிக்கு மலைக்குப் போவீர்கள் அம்மா என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன்.