இரண்டாம் எண்ணின் பூர்வீகம்

ஷெல்லில் 2>&1 என்று தட்டாத வேலைநாள் எனக்கு அபூர்வம். அந்த 2 அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்ற கேள்விதான் என்னைப் பழைய யூனிக்ஸ் கதைகளுக்குள் இறக்கியது.

பெல் ஆய்வகத்தின் ஆரம்பகால யூனிக்ஸில் உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1. பிழைச் செய்திக்கென்று தனி வழி கிடையாது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் புலம்பலும் அதிலேயே போய்ச் சேரும். 1973இல் பைப் வந்ததும் தொல்லை முற்றியது: ஒரு புரோகிராமின் புகாரை அடுத்த புரோகிராம் தரவென்று வாங்கி மென்றது. பைப்புக்கு யோசனை தந்த டக் மெக்கில்ராயே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். எளிமையைக் கெடுக்க மனமில்லாமல் 1975இன் ஆறாம் பதிப்பு வரை பொறுத்துக்கொண்டார்களாம்.

பொறுமையை உடைத்தது ஒளி அச்சுக்கோப்பு எந்திரம் என்கிறார் அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன். எழுத்து பதிந்த நீளத் தாளை நாற்றமடிக்கும் ரசாயன எந்திரத்துக்குள் பக்குவமாக நுழைத்து, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மதியம் பலருக்கும் வெளியே வந்தது ஒற்றை வரி: கோப்பைத் திறக்க முடியவில்லை. அதுவும் அச்சுத் தரத்தில், அழகாக! முணுமுணுப்பு கேட்க வேண்டியவர் காதில் விழுந்தது. சீக்கிரமே டென்னிஸ் ரிச்சி பிழைச் செய்திக்கென 2 என்ற மூன்றாவது வழியைத் திறந்துவிட்டார். அதைத் திருப்பும் குறி, 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த பார்ன் ஷெல்லின் கொடை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 2 என்பது வெறும் வழக்கம்தானே என்பது உறுத்தியது. புதிதாகத் திறக்கும் கோப்புக்கு, காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணைக் கெர்னல் தரும். சைல்ட் புராசஸ், தாயிடம் திறந்திருந்த எண்களை அப்படியே பெறும். தாய் 2ஐ மூடிவிட்டு எக்ஸெக் செய்தால்?

விடை 2002 ஏப்ரலில், யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியில் இருந்தது. அதன் கீஇனிட் என்ற புரோகிராம் ரூட் உரிமையோடு ஓடி, ஒருமுறைக் கடவுச்சொற்களின் கோப்பைத் திறக்கும். அதை உடைத்துக் காட்டிய நிரல் மற்ற எண்களையெல்லாம் நிரப்பி, 2ஐ மட்டும் காலியாக விட்டு அதை ஓட்டியது. கடவுச்சொல் கோப்பு 2இல் வந்து அமர்ந்தது. அடுத்து எழுந்த பிழைச் செய்தி நேரே அதற்குள்! யார் புலம்புகிறார்கள் என்று தெரிய, செய்தி புரோகிராமின் பெயரோடு தொடங்குவது யூனிக்ஸின் நல்ல பழக்கம். அந்தப் பெயரையோ, எக்ஸெக் செய்பவரே கொடுக்கலாம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ரூட்டுக்கான கடவுச்சொல் வரி முழுசாக இருந்தது. இவ்வளவு நயமான குறும்பை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடுதல் உரிமையோடு ஓடும் புரோகிராம்களுக்கு 0, 1, 2 காலியாக இருந்தால் கெர்னலே அவற்றை நல் (null) சாதனத்தால் அடைத்துவிடும் என்று திருத்தினார்கள்.

ஃபோர்க்குக்குப் பின், பிழை வழியை லாக் கோப்புக்குத் திருப்ப டூப்2 போடும் நிரல்களை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். லாக் கோப்பு தற்செயலாக 2ஆகவே திறந்திருந்தால் டூப்2 ஒன்றும் செய்யாது. பழைய எண்ணை மூடும் அடுத்த வரி, பிழை வழியையே மூடிவிடும். இரண்டும் ஒரே எண்ணா என்று பார்க்கும் இஃப் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.