பசுமையெல்லாம் காடு அன்று

இளவேனில் பிறந்ததும் வழிகாட்டி ஒருவருடன் கூடிக் காட்டுப்பூக்களைக் காணச் செல்வது மேனாட்டார் வழக்கம். பனிக்காலமே அறியாத நம் கண்டி மலைநாட்டிலே அத்தகைய வேனிலும் இல்லை. ஆயினும் காடு காண விழைவார்க்கு இங்கே குறையேதும் இல்லை. அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து கண்டியை அடைந்தால், தலதா மாளிகைக்குப் பின்னுள்ள மேட்டிலே உடவத்தகெலே வனம் நம்மை வரவேற்கும்.

கண்டியரசர் காலத்தில் அது அரசருக்கே உரிய சோலை. குடிகள் நுழையத் தடையிருந்தமையால் 'தஹஞ்சி கெலே', அதாவது தடைக்காடு, என்றும் பெயர் பெற்றது. 1856இல் ஒதுக்கக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்ட இவ்வனத்தின் பரப்பு ஏறத்தாழ 104 ஹெக்டயர்.

செடிகொடிகளை நன்கறிந்த வழிகாட்டி ஒருவருடன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்கே சென்றிருந்தோம். மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்த புஸ்வெல் என்னும் பெருங்கொடியையும், குலை தள்ளி நின்ற கித்துளையும் கண்டு மகிழ்ந்தோம். கித்துள் பழத்தைத் தின்னும் மரநாயே அதன் விதையைத் தொலைவிற் சேர்க்கிறது என்றார் வழிகாட்டி.

சற்றப்பால், நிலமெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு கொடி படர்ந்திருந்தது. "என்ன அழகு, சேர்!" என்றாள் ஒரு மாணவி. வழிகாட்டியின் முகம் வாடியது. அது வேறொன்றுமன்று, நம் வீட்டு வரவேற்பறையில் போத்தலில் வளரும் 'மணிபிளாண்ட்'தான்! பசிபிக் தீவொன்றிலிருந்து வந்த அக்கொடி, இங்கே நாட்டு மரக்கன்றுகள் தலைதூக்க இடமின்றி நிலத்தை மூடிவிடுகிறது. அப்பால் நெருக்கமாய் முளைத்திருந்த இளங்கன்றுகளும் நம் நாட்டவை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பல்சம் மரத்தின் சந்ததி. சிறகுடைய அதன் விதை காற்றிலே பறந்து பரவுகிறது. மரநாயின் தயவு அதற்கு வேண்டியதில்லை.

முதுமரங்கள் நிற்கும்வரை காடு காடாகவே தோன்றும். அவை சாய்ந்தபின் அவ்விடத்தில் எழப்போவது யாருடைய பிள்ளைகள் என்பதே கேள்வி. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பச்சைதான்; பெயரறிந்து பார்ப்பவரே உள்ளே நிகழும் இழப்பை உணர்வார். வழிகாட்டியுடன் செல்வதன் பயன் அதுவே.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டிய மணிபிளாண்ட் துண்டுகளைக் காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ எறியாதீர்கள். கணுவொன்று மண்ணைத் தொட்டால் போதும், அது வேர்கொள்ளும். விடுமுறையில் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாட்டு மரங்கள் பத்தின் பெயரையேனும் அவர்கள் கற்றுத் திரும்பட்டும்.