தேர் முடிந்த பிறகும் இருக்கிற ஊர்

ஜேர்மனியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒருமுறையாவது போகாதவர்கள் குறைவு. ஏ2 ஒட்டோபானில் 'ஹம்-ஊன்ட்ரோப்' என்ற பலகை வந்ததும் பின்சீட்டில் நித்திரையாக இருந்த பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள். அர்ச்சனை, வெயில், கச்சான், கன காலம் காணாத சொந்தக்காரர்கள். பிறகு காரை எங்கே விட்டோம் என்று தேடி வீடு திரும்புவோம். ஊன்ட்ரோப் என்று ஒரு ஊர் அங்கே இருப்பது நம்மில் பலருக்கு அந்தப் பலகையோடு முடிந்துவிடுகிறது.

இரண்டு வருசத்துக்கு முதல், அப்போது ஒன்பது வயதான என் மகள் கேட்டாள்: "அப்பா, சேர்ச் எல்லாம் ஊருக்கு நடுவில இருக்கு. எங்கட கோயில் மட்டும் ஏன் ஃபக்டரியளுக்குள்ள இருக்கு? எங்களை வெளியில விட்டவையா?"

"இல்லை" என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வகுப்பில் நாலு நாட்டுப் பிள்ளைகளோடு இருக்கிறவள், பொய்யை மணந்து பிடிப்பாள். நானும் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஒரு விசயம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் பழைய பதிவுகளைக் கிளறாமல் விட மனம் வராது.

ஊரின் பெயரிலேயே 'ட்ரோப்' என்றால் கிராமம்தான். 'டோர்ஃப்' என்பதன் பழைய வடஜேர்மன் வடிவமான 'டோர்ப்' திரிந்து வந்தது. பொட்ரோப், வால்ட்ரோப் எல்லாம் அதே வகை. நம்முடைய குறிச்சி, பாடி மாதிரி. வடக்கே லிப்ப ஆறு. ஒரு காலத்தில் அதுதான் எல்லை: அக்கரையில் மூன்ஸ்டர் ஆயரின் ஆட்சி, இக்கரையில் மார்க் பிரபுக்களின் நாடு. ஹம் நகரத்தையே 1226இல் கட்டியவர் அந்தப் பிரபுக்களில் ஒருவரான அடொல்ஃப். ஆற்றங்கரையில் ஹவுஸ் ஊன்ட்ரோப் என்ற பழைய மாளிகை இன்றும் நிற்கிறது. 1975இல் ஊன்ட்ரோப் ஹம் நகரத்தோடு சேர்க்கப்பட்டது.

ஆனால் அந்தக் கிராமத்தை மாற்றியது பிரபுக்கள் இல்லை, தண்ணீரும் கரியும்தான். டாட்டெல்னில் இருந்து 1914இல் ஹம் வரை வந்த கால்வாயை 1933இல் ஊன்ட்ரோப் பக்கம் நீட்டினார்கள். 1960களில் அங்கே நிலக்கரி மின்நிலையம் எழும்பியது. கரி வர கால்வாய், குளிர வைக்க ஆறு. அதற்குப் பக்கத்தில், ஷ்மேஹவுசன் என்ற இன்னும் சின்ன ஊரில், 1971இல் ஒரு அணு உலை கட்டத் தொடங்கினார்கள். பெயர் டி.எச்.டி.ஆர்-300. யுரேனியத்தோடு தோரியமும் போட்டு ஓட்டும் உலை அது. எரிபொருள் டென்னிஸ் பந்தளவு உருண்டைகளாக, ஆறு லட்சத்துக்கும் மேலே.

தோரியம் என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மண்ணில் தோரியம் இருப்பதை 1909இல் கண்டுபிடித்தவர் ஷொம்பெர்க் என்ற ஜேர்மன் வேதியியலாளர். இங்கே இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. அந்தக் காலத்தில் தோரியம் தேவைப்பட்டது விளக்கு மெண்டிலுக்கு. ஊரில் கலியாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸும் பெர்லின்காரர் செய்ததுதான். ஊன்ட்ரோப் உலையில் நம்முடைய கடற்கரை மண் இருந்தது என்று சொல்ல வரவில்லை. இந்த இரண்டு நாடுகளும் நாங்கள் அகதியாக வந்த அன்றுதான் ஒன்றையொன்று கண்டன என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உலை 1985இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1986 மே 4, செர்னோபில் விபத்துக்கு எட்டு நாள் கழித்து, எரிபொருள் உருண்டை ஒன்று குழாயில் சிக்கியது. அதை எடுக்கப்போய்க் கதிரியக்கத் தூசி வெளியே வந்தது. அதற்குப் பிறகு நம்பிக்கையும் இல்லை, பணமும் இல்லை. 1989இல் நிறுத்தினார்கள். 180 மீட்டர் உயரக் குளிர்விக்கும் கோபுரத்தை 1991இல் வெடி வைத்து விழுத்தினார்கள். உலைக் கட்டடம் பூட்டப்பட்டபடி இன்னும் நிற்கிறது.

அதே 1989இல்தான் ஹம் நகருக்குள் ஒரு நிலவறையில் காமாட்சி அம்பாளுக்கு விளக்கு வைத்தார்கள். கிழக்கு பெர்லின் வழியாக வந்து, மேற்கு ஜேர்மனி முழுக்கச் சிதறிப்போன எங்கள் அப்பாமார் காலம் அது. பிறகு கோயில் ஒரு பழைய சலவைக் கட்டடத்துக்குப் போனது. தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரத் தொடங்கியது. குடியிருப்புத் தெருவில் சத்தம், கார், குப்பை. அயலவர்கள் முறைப்பாடு செய்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன். அப்படித்தான் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் காணி கிடைத்தது. ஹம் நகரக் கட்டடக் கலைஞர் ஐக்ஹொர்ஸ்ட் வரைந்த கோயிலுக்கு இந்தியாவில் இருந்து சிற்பிகள் வந்தார்கள். 2002 யூலையில் கும்பாபிசேகம்.

மகளுக்கு நான் இரண்டு பதில் சொன்னேன். ஓம், ஊருக்குள்ளே எங்களுக்கு இடம் காணவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் விட்டார்கள். அதே நேரம், 17 மீட்டர் இராசகோபுரம் கட்டவும், தேர் திரும்பவும், இருபதினாயிரம் பேர் நிற்கவும் இந்த நாட்டில் வேறு எங்கே விடுவார்கள்? வீடுகளுக்கு நடுவில் இருந்திருந்தால் இன்றைக்கும் நிலவறைதான். அவள் யோசித்துவிட்டு, "அப்ப இந்த ஊர்க்காரரைக் கேட்டவையா?" என்றாள். கரி வந்தபோதும் உலை வந்தபோதும் அவர்கள் எவ்வளவு கேட்கப்பட்டார்கள் என்பது பெரிய கேள்வி. பெரிய நகரங்கள் தங்களுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றவற்றைச் சின்ன ஊர்கள்தான் சுமக்கின்றன. கரி மின்நிலையமும் 2021இல் நின்றுவிட்டது. அந்த வரிசையில் கடைசியாக வந்த கோயில்தான் இப்போது ஊன்ட்ரோப்புக்கு ஆட்களைக் கூட்டிவருகிறது.

தீர்த்தத் திருவிழாவில் அம்பாள் தீர்த்தமாடுவது அந்தக் கால்வாயில்தான். கங்கை என்று நினைத்துத் தலையில் தெளிக்கிறோம். கரி ஏற்றிய படகுகள் போன தண்ணீர் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பக்தி குறையாது, நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த முறை தேருக்குப் போனால் ஒரு நாள் மேலதிகமாக நில்லுங்கள். கால்வாய்க் கரையால் நடந்து, பிறகு மக்சிமிலியன் பூங்காவுக்குப் போகலாம். அதுவும் ஊன்ட்ரோப் வட்டாரம்தான். தண்ணீர் புகுந்து கைவிட்ட சுரங்கம் இருந்த இடத்தில், 1984 தோட்டக் கண்காட்சிக்காக நிலக்கரி கழுவிய கட்டடத்தையே கண்ணாடி யானையாக மாற்றியிருக்கிறார்கள். உயரம் 35 மீட்டர். கோயிலில் யானை இல்லையே என்று அழுகிற வயதில் உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.